கலாபகோஸ் தீவுகளுக்கு வழிகாட்டியோடு போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈக்வடார் கரையிலிருந்து பசிபிக் கடலில் சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கும் எரிமலைத் தீவுக் கூட்டம் கலாபகோஸ். போய்வந்த நாளிலிருந்து தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஒரே கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை, பணம் கட்டுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி வேண்டாம், நானே சுற்றிக்கொள்கிறேன் என்றால் விடுவார்களா?

ஊருக்குள் விடுவார்கள், ஊரைத் தாண்டினால் அநேகமாக விட மாட்டார்கள். தீவுகளின் நிலத்தில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. 1959இல் அறிவித்தார்கள். ஜனங்கள் குடியிருப்பது மிச்சம் 3 சதவீதத்தில்தான். பூங்காவுக்குள் பார்வையாளர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும், உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் இறங்க முடியும். ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். பாதையோரம் சிறு கம்பங்கள் நட்டிருப்பார்கள், அவற்றைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது.

விதிவிலக்குகள் உண்டு. சாண்டா குரூஸ் தீவில் புவெர்ட்டோ அயோரா ஊரிலிருந்து டார்ட்டுகா பே கடற்கரைக்கு வாசலில் பெயர் எழுதிவிட்டு நடந்தே போய் வரலாம். இரண்டரை கிலோமீட்டர் தூரம்.

முதல் நாள் எனக்கும் வழிகாட்டி ஒரு காவல்காரர் மாதிரிதான் தெரிந்தார். கரையில் இறங்கிய எல்லாரும் கறுப்புப் பாறைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து, "பாறையைப் பார்க்காதீர்கள், பாறை தும்முவதைப் பாருங்கள்" என்றார். சொன்ன மாத்திரத்தில் ஒரு பாறை 'ப்ஸ்க்' என்று மூக்கிலிருந்து உப்புத்தண்ணீரைப் பீய்ச்சியது. அப்புறம் அடுத்தது. நாங்கள் பாறை என்று நினைத்ததில் பாதி கடல் உடும்புகள்.

எப்படிப் போய்ச் சேர்வது? நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

ஈக்வடார் தலைநகர் கீட்டோவிலிருந்தோ குயாகில் நகரத்திலிருந்தோ விமானம் ஏற வேண்டும். பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல் என்று இரண்டு விமான நிலையங்கள்தான் வெளியூர்க்காரர்களுக்குப் பயன்படும். உங்கள் படகு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே டிக்கெட் எடுங்கள். இரண்டும் வெவ்வேறு தீவுகள், மாறி இறங்கினால் ஆட்டோ பிடித்து வந்துவிட முடியாது.

கிளம்பும் விமான நிலையத்திலேயே 20 டாலர் கொடுத்துப் பயண அட்டை வாங்க வேண்டும். தீவில் இறங்கியதும் பூங்காக் கட்டணம். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு இது 2024 ஆகஸ்ட் 1 முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. 12 வயதுக்குக் கீழே 100. ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர்தான் என்பதால் பணம் மாற்றும் வேலை இல்லை.

விமானம் ஏறுமுன் பெட்டியை எதற்காக அப்படிக் குடைகிறார்கள்?

விதை, பழம், மண், பூச்சி இவற்றைத் தேடித்தான். என் பையின் பக்கவாட்டுப் பையில் கீட்டோவில் வாங்கி மறந்துபோன ஒரு ஆரஞ்சுப் பழம் இருந்தது. அதை எடுத்துக் காட்டிய பெண் திட்டவில்லை, சிரித்துக்கொண்டே குப்பையில் போட்டார். எனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

ஒரு பழத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஆடுகளின் கதையைச் சொல்வேன். கப்பல்காரர்களும் குடியேறியவர்களும் விட்டுப்போன ஆடுகள் பெருகிப் பெருகி, ஆமைகள் தின்னும் செடிகொடிகளை எல்லாம் மொட்டையடித்துவிட்டன. அவற்றை ஒழிக்க 1997 முதல் 2006 வரை பெரிய திட்டமே நடந்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். கடைசியில் மிஞ்சி ஒளிந்துகொண்ட ஆடுகளைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனியாக இருக்காது, கூட்டத்தைத் தேடிப் போகும். பின்னாலேயே போய்ச் சுட்டார்கள். காட்டிக்கொடுத்த ஆடுகளுக்கு அங்கே 'யூதாஸ் ஆடு' என்று பெயர். இசபெலா தீவின் வடபகுதியிலும் சாண்டியாகோ தீவிலும் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஒழித்தார்கள்.

ஆட்டையாவது சுடலாம். வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு ஈ, பறவைக் கூடுகளில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சிக் கொல்கின்றன. டார்வின் பெயரால் அழைக்கப்படும் ஃபிஞ்ச் குருவிகளில் சில இனங்கள் இதனால் அழியும் நிலைக்கு வந்துவிட்டன. ஷூவின் அடிப்பள்ளங்களைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள்.

படகிலேயே தங்குவதா, ஊரில் ரூம் போட்டுத் தினமும் போய் வருவதா?

பணம் மட்டும்தான் கணக்கு என்றால் ஊரில் தங்குவது மலிவு. நிம்மதியாகத் தூங்கலாம், மாலையில் கடைத்தெருவில் உலாவலாம், மீன் வெட்டும் மேடைக்குப் பக்கத்தில் கடல் சிங்கமும் கூழைக்கடாவும் வரிசையில் நிற்பதை வேடிக்கை பார்க்கலாம்.

ஆனால் பகல் படகில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பதை மட்டுமே பார்க்க முடியும். ஃபெர்னாண்டினா தீவும் இசபெலாவின் மேற்குக் கரையும் வடக்கே ஜெனோவேசாவும் இரவில் பயணம் செய்யும் படகுக்குத்தான் எட்டும். பறக்க மறந்த நீர்க்காகம் உலகத்திலேயே ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவிலும் மட்டும்தான் இருக்கிறது. கந்தல் துணி மாதிரி இரண்டு குட்டைச் சிறகுகளை விரித்து, ஒருநாளும் பறக்கப்போவதில்லை என்று தெரியாததுபோல் வெயிலில் உலர்த்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் படகுதான்.

தீவுக்குத் தீவு ஓடும் வேகப் படகுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாண்டா குரூஸிலிருந்து இசபெலாவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அலை உள்ள நாளில் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்.

எத்தனை நாள் எடுக்கலாம்? எந்தப் படகு நல்லது?

படகின் பெயரையும் அதன் படங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வழித்தடத்தைப் பாருங்கள். மெத்தை எவ்வளவு மென்மை, மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் படகு எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கலாம் என்பதைப் பூங்காதான் நிர்ணயிக்கிறது. பொதுவாக, ஒரு படகு ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் இரண்டாம் முறை வர முடியாது. அதனால் வழித்தடங்கள் 15 நாள் சுற்றாக இருக்கும், அதில் ஒரு துண்டைத்தான் உங்களுக்கு விற்கிறார்கள். "கேப்டனிடம் கேட்டு அந்தத் தீவுக்கும் ஒரு நடை போய்விடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேப்டன் நினைத்தாலும் நடக்காது.

இன்னொரு விஷயம், 8 நாள் பயணம் என்றால் 7 இரவு. முதல் நாள் மதியத்துக்கு மேல்தான் ஏறுவீர்கள், கடைசி நாள் காலையிலேயே இறக்கிவிடுவார்கள். 4 நாள் பயணத்தை இதே கணக்கில் பார்த்தால் கையில் நிற்பது முழுசாக இரண்டு நாள். அத்தனை தூரம் போய்விட்டு அது போதாது என்பது என் எண்ணம்.

அளவைப் பொறுத்தவரை, 100 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கு அங்கே சுற்ற அனுமதி கிடையாது. 16 பேர் போகும் சிறு படகுகள் நிறைய. எல்லாரும் ஒரே வழிகாட்டியோடு, ஒரே நேரத்தில் இறங்கலாம். பெரிய கப்பல் ஆட்டம் குறைவு, மருத்துவர் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் குழு குழுவாகப் பிரித்து இறக்குவார்கள். இரட்டை உடல் கொண்ட காட்டமரான் படகு, அதே அளவுள்ள சாதாரணப் படகைவிடப் பக்கவாட்டில் குறைவாக ஆடும்.

எந்த மாதம் போகலாம்?

எந்த மாதமும் வெறுங்கையோடு அனுப்பாது. எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை வெப்பக் காலம். நடுநடுவே மழை கொட்டும், தீவுகள் பச்சை கட்டும், கடல் அமைதியாக இருக்கும், நீரும் வெதுவெதுப்பாக இருக்கும். கடலாமைகள் மணலில் ஏறி முட்டையிடுவதும் இந்தக் காலத்தில்தான். ஜூனிலிருந்து நவம்பர் வரை தெற்கேயிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்நீரைக் கொண்டுவரும். வானம் மூடியே இருக்கும், 'கருவா' என்று அவர்கள் சொல்லும் பொடித்தூறல் விழும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கடல் முரடு. பூமத்திய ரேகையில் நின்றுகொண்டு ஸ்வெட்டர் தேடுவீர்கள். ஆனால் குளிர்நீரில்தான் மீன் கொழிக்கும், மீன் கொழித்தால் கடல் பறவைகளுக்குக் கொண்டாட்டம்.

அல்பட்ராஸ் என்ற பெரிய கடல் பறவையைப் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரலிலிருந்து டிசம்பருக்குள் எஸ்பானோலா தீவு உங்கள் தடத்தில் இருக்க வேண்டும். கலாபகோஸ் அல்பட்ராஸ் கிட்டத்தட்ட முழுவதுமாக அந்த ஒரு தீவில்தான் கூடு வைக்கிறது. சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். காற்றில் அதன் கம்பீரத்தைப் பார்த்தவர்கள் தரையில் நடப்பதைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட தாத்தா கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தேடும் நடை. அப்படியே தள்ளாடித் தள்ளாடிப் பாறை விளிம்புவரை வந்து, எட்டிப் பார்த்து, யோசித்து, திரும்பிப் போய், மறுபடி வந்து, பொத்தென்று கீழே விழும். விழுந்த வேகத்தில் காற்று தூக்கிக்கொள்ளும். நாங்கள் முக்கால் மணி நேரம் அந்த விளிம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை.

விலங்குகள் மனிதரைக் கண்டு ஓடாது என்பது உண்மையா?

உண்மை. தரையில் வேட்டையாடும் பெரிய மிருகம் எதுவும் இல்லாத இடத்தில் பல்லாயிரம் தலைமுறைகளாக வாழ்ந்தவை, இரண்டு காலில் நடந்து வருவதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவற்றுக்குத் தோன்றவே இல்லை. நீலக்கால் பூபி என்ற கடல் பறவை நடைபாதையின் நடுவிலேயே முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும், நாம்தான் சுற்றிப் போக வேண்டும். கள்ளங்கபடமில்லாத அந்த நம்பிக்கையால்தான் மாலுமிகள் ஆமைகளை மூட்டை மாதிரி அள்ளிக் கப்பலில் அடுக்கினார்கள்.

ஆகவே எச்சரிக்கையாக இருக்க வேண்டியது நாம்தான். எந்த விலங்கிடமிருந்தும் குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது உங்களை நோக்கி வந்தால் நீங்கள் பின்வாங்க வேண்டும். கடல் சிங்கக் குட்டி வந்து ஷூ கயிற்றைக் கடிக்கும், நாய்க்குட்டியைப்போல் நிமிர்ந்து பார்க்கும். கை தானாக நீளும். நீட்டாதீர்கள். தாய் தன் குட்டியைக் குரலையும் வாசனையையும் கொண்டுதான் அடையாளம் காண்கிறது. பெரிய ஆண் கடல் சிங்கத்திடம் இந்தக் கொஞ்சலுக்கெல்லாம் இடமில்லை. கடற்கரையின் தன் பகுதியை அது காவல் காக்கும், குறுக்கே போனால் துரத்தும், கடிக்கவும் செய்யும்.

கடல் உடும்பில் அப்படி என்ன விசேஷம்?

உலகில் கடலுக்குள் போய் மேயும் பல்லி இனம் இது ஒன்றுதான். பாறையில் ஒட்டியிருக்கும் பாசிதான் சாப்பாடு. குளிர்நீரில் மூழ்கி மேய்ந்துவிட்டு, உடம்பு விறைத்துப்போய்க் கரையேறி, ஒன்றன்மேல் ஒன்றாக வெயிலில் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும். பாசியோடு விழுங்கிய உப்பைத்தான் மூக்கு வழியாகத் தும்மித் தள்ளுகிறது. தலையில் வெள்ளை பூத்திருப்பது அந்த உப்பு.

எல் நீன்யோ ஆண்டுகளில் கடல் சூடாகி, அது தின்னும் பாசி அருகிப்போகும். 1982-83லும் 1997-98லும் ஏராளமானவை பட்டினியில் செத்தன. பிழைத்தவற்றை அளந்து பார்த்த ஆய்வாளர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. உடும்பின் நீளமே குறைந்திருந்தது, சிலவற்றில் 20 சதவீதம்வரை. இளைப்பது வேறு, இது குட்டையாவது. நல்ல காலம் திரும்பியதும் மறுபடி வளர்ந்துகொண்டன.

டார்வினுக்கு இங்கேதான் பரிணாமக் கொள்கை பளிச்சென்று தோன்றியதா?

அப்படிச் சொன்னால் கதை நன்றாக இருக்கும். டார்வின் 1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் வந்து ஐந்து வாரம் இருந்தார், நான்கு தீவுகளில் இறங்கினார். புகழ்பெற்ற அந்த ஃபிஞ்ச் குருவிகளை எந்தத் தீவில் பிடித்தோம் என்றுகூடச் சரியாகக் குறித்துவைக்கவில்லை. அவரை உறுத்தியது பாடும் மாக்கிங் பறவைகள்தான், தீவுக்குத் தீவு அவை வேறாக இருந்தன. ஓட்டைப் பார்த்தே ஆமை எந்தத் தீவு என்று சொல்லிவிடுவேன் என அங்கிருந்த அதிகாரி ஒருவர் சொன்னபோதும் டார்வின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளை வழியில் தின்றுவிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். ஆமை முதுகில் ஏறிச் சவாரியும் செய்திருக்கிறார். இன்று செய்தால் அபராதம்.

ராட்சத ஆமைகளை எங்கே பார்க்கலாம்?

சாண்டா குரூஸின் மேட்டுப் பகுதியில் சுலபமாகப் பார்க்கலாம். புல்வெளியில் பாறாங்கல் கிடப்பதுபோல் கிடக்கும், பக்கத்தில் போனால் உஸ்ஸென்று காற்றை விட்டுத் தலையை இழுத்துக்கொள்ளும். பெரிய ஆண் ஆமை 250 கிலோவுக்கு மேல் போகும்.

புவெர்ட்டோ அயோராவில் டார்வின் ஆய்வு நிலையத்தை ஒட்டிய ஆமை வளர்ப்பு மையத்தில் 'தனிமை ஜார்ஜ்' இருக்கிறது, பதப்படுத்திய உடலாக. பிண்டா தீவு ஆமை இனத்தின் கடைசி உயிர் அது. 1971இல் கண்டுபிடித்தார்கள், ஜோடி சேர்க்க என்னென்னவோ செய்தார்கள், 2012 ஜூன் 24 அன்று செத்துப்போனது. குளிரூட்டிய இருட்டறையில் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மனசு கனக்கும். அப்போது எஸ்பானோலா ஆமைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 14 மிஞ்சியிருந்தன, 12 பெண், 2 ஆண். சான் டியாகோ விலங்குக் காட்சி சாலையிலிருந்து டியேகோ என்ற மூன்றாவது ஆணையும் வரவழைத்து இனப்பெருக்கம் செய்ததில் ஏறக்குறைய 2,000 குட்டிகள் தீவுக்குத் திரும்பின. 2020 ஜூனில் டியேகோ உட்பட 15 பெரியவர்களையும் சொந்தத் தீவிலேயே கொண்டுபோய் விட்டார்கள்.

நீச்சல் தெரியாது. போகலாமா?

போகலாம். தரையில் நடப்பதற்கே தினம் இரண்டு வேளை நேரம் ஒதுக்குவார்கள். ஆனால் பாதிக் காட்சி தண்ணீருக்குள் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ரப்பர் படகின் கயிற்றைப் பிடித்தபடி முகத்தை நீருக்குள் வைத்தாலே ஆமை நீந்துவதைப் பார்த்துவிடலாம். கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போட்டுப் பழகுவதை ஊரிலேயே செய்துவிடுங்கள். முதல் முறையை நீரோட்டமுள்ள கடலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வயதானவர்கள், குழந்தைகள்?

இறங்குவது இரண்டு வகை. பாறையிலோ படியிலோ கால் வைத்து இறங்குவது உலர் இறக்கம், முழங்கால் நீரில் குதித்துக் கரைக்கு நடப்பது ஈர இறக்கம். இரண்டிலும் ஆடும் படகிலிருந்து எழுந்து ஒரு எட்டு வைக்க வேண்டும். உதவிக்கு நிற்பவரின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள், ஈரக் கை வழுக்காது. எரிமலைக் குழம்பு உறைந்த தரை கண்ணாடித் தூள் மாதிரி, விழுந்தால் கிழித்துவிடும். பார்தொலோமே தீவின் உச்சிக்கு முந்நூற்றுக்கு மேல் மரப்படிகள். முட்டிவலி உள்ளவர்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

சின்னக் குழந்தைகளுக்குப் படகு வாழ்க்கை சலித்துப்போகும். ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் பெரியவர்களைவிட அவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள்.

கடலில் வாந்தி வருமே?

வரும், சிலருக்கு. படகுகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் நகரும், அதனால் படுத்திருக்கும்போதே பாதி ஆட்டம் கழிந்துவிடும். மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கீழ்த்தளத்தில் நடுவில் உள்ள அறை குறைவாக ஆடும், விலையும் பெரும்பாலும் அதற்குத்தான் குறைவு. பகலில் தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

ஊர்களில் மருத்துவமனை உண்டு, பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில் நிலப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

என்ன எடுத்துப்போவது? என்ன கூடாது?

பூமத்திய ரேகை வெயில் மேகத்துக்குள்ளிருந்தும் சுடும். தொப்பி, முழுக்கைச் சட்டை, பவளத்துக்குக் கேடில்லாத சன்ஸ்கிரீன் கட்டாயம். நனையக்கூடிய செருப்பு ஒன்று, பாறைக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ ஒன்று. கேமராவுக்கு நீர் புகாத பை. பைனாகுலர் கொண்டுபோங்கள், ஆனால் பாதி நேரம் விலங்கு மிகவும் பக்கத்தில் இருப்பதால் அது தேவைப்படாது. ட்ரோனுக்கும் ஃபிளாஷுக்கும் தடை.

திரும்பும்போது ஏதாவது எடுத்து வரலாமா?

சங்கு, சிப்பி, கல், மணல், பவளம், இறகு எதுவும் கூடாது. கிளம்பும்போதும் பெட்டியைச் சோதிப்பார்கள்.

ஒன்றே ஒன்றை எடுத்து வரலாம். ஃப்ளோரியானா தீவில் ஒரு கடற்கரையில் மரப் பீப்பாய் ஒன்று நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தபால் பெட்டியாக வைத்துக்கொண்டது. போகும் கப்பல் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகும், ஊர் திரும்பும் கப்பல் எடுத்துக்கொண்டு போகும். வழக்கம் இன்றும் நடக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டாத அஞ்சலட்டையை உள்ளே போடலாம். கிடக்கும் அட்டைகளைப் புரட்டி, உங்கள் ஊர்ப் பக்கம் முகவரி உள்ளதை எடுத்துவந்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் எடுத்துவந்ததில் இன்னும் ஒன்று பாக்கி. அந்த வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டேன், ஆள் இல்லை.